உறைந்த திராட்சையின் மேல் ஊற்றிய ஒயின்

நான் ஓய்வு பெற்ற ஓட்டலில், ஐஸும் பழவகையும் தயாராகும் குளிர்ச் சமையலறையில் இன்று பணிபுரியும் அன்பர்கள், வாட்ஸப் வாயிலாக என்னிடம் ஒரு விண்ணப்பம் வைத்துள்ளனர். “அண்ணே, இப்பல்லாம் அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் வீட்டுலயே ஒயின் சோர்பே போடுறாங்க. வீடியோ பாத்துச் செய்றாங்க, செட் ஆகலன்னா நமக்குப் போன் அடிக்கிறாங்க. நீங்க வீட்டுல செஞ்சு ஏதோ ரகளை பண்ணீங்களாமே, அத எழுதிக் குடுங்கண்ணே” என்பது அவ்விண்ணப்பம். ரகளை என்னும் சொல்லை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறியின் இறக்கையொன்று இன்றளவும் சற்றே வளைந்துதான் சுழல்கிறது.

அறியாதோர் பொருட்டு ஒரு விளக்கம். சோர்பே என்பது பால் சேராத ஐஸ். பழக்கூழையும் சர்க்கரைப் பாகையும் கலந்து, உறைய உறையக் கடைந்து எடுப்பது. பெரிய விருந்துகளில் அதனுடன் நுரைக்கும் ஒயினையும் சேர்ப்பார்கள். நுரைக்கும் ஒயின் என்பது, சோடாவைப் போலக் குமிழிகளை அடக்கிக்கொண்டு, தக்கையின் மேல் கம்பிக் கூடு போட்டு வரும் வெள்ளை ஒயின். நந்திமலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தே நமக்கு அது வந்துவிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதே என் வாழ்நாள் உத்தியோகமாக இருந்தது.

அவ்வுத்தியோகத்திற்கு நான் எவ்வாறு வந்து சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். லிங்கராஜபுரத்திலிருந்து சைக்கிளில் சென்று பாத்திரம் கழுவினேன். பிறகு பழம் உரித்தேன். பிறகு விதை நீக்கினேன். விதை நீக்குவதில் பல ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் கடையும் இயந்திரத்தின் அருகே நிற்க ஆளில்லாமற்போகவே, நான் நின்றேன். பின்னர் எவரும் என்னை அங்கிருந்து நகர்த்தவில்லை.

என் மேலதிகாரியைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல இயலாது. திரு. வரதராஜன் அல்சூரைச் சேர்ந்தவர். நெடிய உருவம். பேச்சு குறைவு. மடித்த வெள்ளைத் துணியொன்று அவருடைய இடத்தோளில் எப்போதும் கிடக்கும். நாங்கள் அவரை ‘சார்’ என்றழைத்தோம். அவர் இல்லாதபோது ‘மூக்கு’ என்றழைத்தோம். காரணம் இதுதான்: பிறர் நாவால் சோதிப்பதை அவர் நாசியால் சோதித்தார். கிண்ணத்தை முகத்தருகே உயர்த்துவார், கண்களை மூடுவார், மூச்சை ஒருமுறை உள்ளிழுப்பார். எங்கள் தலைவிதி அந்த ஒற்றை மூச்சில் அடங்கியிருந்தது.

ஒருநாள் நான் கடைந்தெடுத்த அன்னாசிச் சோர்பேயை அவ்வாறு முகர்ந்தவர், கண்களைத் திறக்காமலேயே கேட்டார்:

“சவரி, இந்த அன்னாசிக்கு வெங்காயம் என்னா முறை வேணும்? மச்சானா, மாமனா?”

பழம் நறுக்கிய கத்தி காலையில் வேறொரு மேசைக்குச் சென்று திரும்பியிருந்தது. எனக்கே அது தெரியாது. அவர் மூக்குக்குத் தெரிந்தது. சிவாஜிநகர் பஸ்ஸில் எங்களில் எவன் பீடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான் என்பதும் அதற்குத் தெரியும்.

அவர் எதையும் ‘நன்று’ என்று சொல்லி எவரும் கேட்டதில்லை. வெளியே போகத் தகாத கிண்ணத்தை ஒற்றை விரலால் இடப்புறம் தள்ளுவார். தகுதியுடையதாயின், தோளிலிருந்து துணியை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பை ஒரே சுற்றாகத் துடைப்பார். துடைத்தபின், “எந்த டேபிள்?” என்று பரிசாரகரைக் கேட்பார். அவ்வளவே. வருடக்கணக்காக உழைத்தவர்களும் அந்த ஒரு சுற்றுத் துடைப்புக்காக ஏங்கி நின்றனர். அழுக்கே இல்லாத விளிம்பையும் அவர் துடைத்தார் என்பதைக் கவனித்தால், அது துப்புரவு அன்று, கையொப்பம் என்பது விளங்கும்.

என் கிண்ணத்தை அவர் முதன்முதலாகத் துடைத்தது ஒரு திருமண விருந்தன்று. பெண் வீட்டார் தாராள மனத்தினர். “ஒயின் நல்லாத் தூக்கலா இருக்கட்டும்” என்று சொல்லியனுப்பியிருந்தனர். அச்சொல்லை நம்பி வேறொருவர் தூக்கலாக ஊற்றியதில், கடைந்த பொருள் கடைந்தவண்ணம் கூழாகவே நின்றது. ஒயின் எளிதில் உறையாது. அளவு மிகுந்தால் தன்னுடன் இருப்பதையும் உறைய விடாது. கூழை எடுத்துவைத்துவிட்டு, நான் முதலிலிருந்து தொடங்கினேன். பழக்கூழில் பாகைக் கலந்து, கழுவிய முட்டை ஒன்றை அதில் முழுதாக மிதக்கவிட்டேன். முட்டை மூழ்கினால் சர்க்கரை போதாது. பாதி உடம்பு வெளியே தெரிந்தால் சர்க்கரை அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு மட்டும் தலை காட்டினால் சரி. பின்பு ஒயினைச் சாய்ந்த பாத்திரத்தின் சுவரோரமாக ஒழுகவிட்டு, கரண்டியால் மெல்லக் கிளறி, குமிழிகளை எல்லாம் அடக்கினேன். குமிழி உள்ளே இருந்தால் சோர்பே பஞ்சுபோல் ஆகிவிடும். ‘ஒயினோட வாசனைதான் நமக்கு வேணும், அதோட சத்தம் வேணாம்’ என்பது வரதராஜன் சாரின் சட்டம். நுரையை அடக்கி, பட்டுப்போல் வழவழவென்று கடைந்து, மணம் மட்டும் மேலெழ வேண்டும். மேலெழுந்தது. துணி தோளிலிருந்து இறங்கியது. அன்றைக்கு நான் சைக்கிளை மிதித்தேனா, அது என்னைச் சுமந்து பறந்ததா என்பது நினைவில்லை.

காலம் கடந்தது. முதலில் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் நான் பெற்றேன். பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. தணிந்த காய்ச்சல் அவருடைய மூக்கைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிட்டது. காபியும் மணக்கவில்லை, கற்பூரமும் மணக்கவில்லை. பிறருக்கு ஆண்டு திரும்புமுன் திரும்பிவந்த மணம், அவருக்குத் திரும்பவேயில்லை. மணமற்றுப்போனால் சுவையும் பெரும்பாலும் அதன்பின்னே போய்விடுகிறது. அவர் மெல்ல மெல்ல உணவைத் துறந்தார்.

சென்ற கோடையில் அவர் மனைவி பத்மாம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“சவரி, என்னால ஆகலப்பா. தட்டு வெச்சா ஒரு வாய் எடுக்கறார், இடது கை விரலால அப்படித் தள்ளி வெச்சுடறார். வேட்டி இடுப்புல நிக்கறதில்ல. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா ட்யூப் போடறதுதான் வழின்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த மூக்குக்கா ட்யூப்பு? நீதான் ஏதாவது பண்ணேன்.”

நான் அன்றே செயலில் இறங்கினேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே: மணம் எட்டவில்லையெனில் மணத்தைக் கூட்ட வேண்டும். ஆரஞ்சுத் தோலைச் சீவிப்போட்டேன். புதினாவைக் கசக்கிப்போட்டேன். ஒயினைச் சட்டப்படி அடக்கி, வழவழவென்று கடைந்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆட்டோவில் அல்சூர் கொண்டுசென்றேன். ஆட்டோ ஓட்டுநர் வழிநெடுகத் திரும்பித் திரும்பி, “என்னா சார் வாசனை!” என்றார். வரதராஜன் சார் ஒரு கரண்டி வாயிலிட்டார். கண்களை மூடினார். மூச்சை உள்ளிழுத்தார். கிண்ணத்தை இடப்புறம் தள்ளினார்.

“ஈரப் பேப்பர், சவரி. தப்பு உன்னுது இல்ல. எல்லாமே ஈரப் பேப்பர்தான். விடு.”

‘விடு’ என்று அவர் எக்காலத்திலும் என்னிடம் சொன்னதில்லை. ‘மறுபடி பண்ணு’ என்பார், ‘தூக்கிக் கொட்டு’ என்பார். அந்த ‘விடு’ என்னைத் தைத்தது. தம்பதியர் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டு வந்தேன். என்ன செய்வதென்று தெரியாமலேயே அழைத்தேன்.

வீட்டில் சோர்பே செய்வதில் உள்ள முதற்பெரும் இடையூறு, வீட்டார். எங்கள் ஃப்ரீஸர் சிறியது. அதன் முழு ஆட்சியும் என் மனைவி ரெஜினாவுடையது.

“என்னங்க, உங்க ஒயினுக்காக என் வஞ்சிரத்த நாடு கடத்துறீங்களா?”

“ரெண்டு நாளைக்கு மட்டும் ரெஜினா. மீனும் பழமும் ஒரே அறையில இருந்தா…”

“அவருக்குத்தான் மூக்கே இல்லங்கிறீங்க!”

தர்க்கத்தில் அவரை வெல்ல என்னால் இயலாது. எனினும் மீன், மட்டன், துருவிய தேங்காய் ஆகிய அனைத்தும் கீழ்வீட்டு மஞ்சுளாவின் ஃப்ரீஸரில் தஞ்சம் புகுந்தன. காலியான இடத்தில், சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கிய விதையுள்ள நாட்டுக் கறுப்புத் திராட்சையை இரண்டாக அரிந்து, விதை நீக்கித் தட்டில் ஒட்டாமல் பரப்பி வைத்தேன். மாதுளை முத்துகளையும் அவ்வாறே. இவை மேலே அலங்காரமாகத் தூவுவதற்கு மட்டுமே. கடையும் இயந்திரம் வீட்டில் இல்லாதபடியால், பழக்கூழையும் பாகையும் தட்டையான எவர்சில்வர் தட்டில் ஊற்றி உறையவிட்டு, அவ்வப்போது முட்கரண்டியால் சுரண்டினேன். எவ்வளவு சுரண்டியும் வழவழப்பு வரவில்லை. உடைத்த உப்பைப்போல் நறநறவென்றே நின்றது. நான் நொந்துபோனேன்.

ஞாயிறன்று பூசை முடிந்து நாங்கள் வீடு வந்ததும் அவர்களும் வந்து சேர்ந்தனர். வரதராஜன் சாரின் சட்டைக்குள் இன்னொரு வரதராஜனுக்கு இடமிருந்தது. ரெஜினா சமைத்த பிரியாணியில் இரண்டு பருக்கையைத் தொட்டுவிட்டு அவர் தட்டைத் தள்ளினார். பத்மாம்மா தம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, ரகளை.

பெருவிருந்து நாட்களில் எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. புட்டிகளை ஐஸ் தொட்டியில் கழுத்தளவு புதைத்து, பரிமாறும் வேளை நெருங்கியதும் எல்லாவற்றின் கம்பிக் கூட்டையும் முன்னதாகவே கழற்றிவிடுவோம். ஐஸில் நன்கு குளிர்ந்த புட்டி அமைதியாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் தக்கைமேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்து நிற்பார். கை அந்த வழக்கத்தை மறக்கவில்லை. பிரியாணிப் பாத்திரத்தின் அருகே, வெயில் விழும் சன்னலோரம், மேசைமேல் வாங்கி வைத்திருந்த ஒயின் புட்டியின் கம்பிக் கூட்டை நான் கழற்றினேன். கழற்றிவிட்டு, உறைந்த திராட்சைக் கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்து, கரண்டி எடுக்க அடுக்களைக்குத் திரும்பினேன். இங்கே ஐஸ் தொட்டியும் இல்லை, கட்டைவிரலோடு நிற்க ஆளும் இல்லை.

வெடித்தது.

தக்கை கூரைக்குப் பாய்ந்து, சுழலும் விசிறியில் அடிபட்டு, திசை மாறி, பிரியாணிப் பாத்திரத்தின் மூடியில் ‘டங்’ என்று வந்து விழுந்தது. புட்டியின் வாயிலிருந்து நுரை ஊற்றாய்ப் பொங்கி, மேசைவிரிப்பு, திராட்சைக் கிண்ணம், பத்மாம்மாவின் பட்டுச் சேலை, வரதராஜன் சாரின் முகம் ஆகிய அனைத்தையும் பாரபட்சமின்றி நனைத்தது.

“சேசுவே!” என்றார் ரெஜினா.

“பெருமாளே!” என்றார் பத்மாம்மா.

என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டபடி, கீழிருந்து மஞ்சுளாவின் குரல் மாடிப்படி ஏறி வந்தது: “ஏனாயித்து ஆன்ட்டி? சிலிண்டரா?”

“சிலிண்டர் இல்லம்மா! ஒயினு!”

“ஹாங்! ஒயினா? நான் மேல வரலாமா?”

நான் கரண்டியுடன் ஓடிவந்து, துவாலையால் சாரின் முகத்தைத் துடைக்கக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மீசையிலிருந்து உதட்டுக்கு வழிந்த நுரையை அவர் நாக்கு தொட்டிருந்தது. கண்கள் விரிந்திருந்தன.

“சவரி.”

“சார், மன்னிச்சுடுங்க சார், பழக்க தோஷத்துல கம்பிய…”

“வாய மூடு. இது குத்துது.”

“என்ன சார்?”

“நாக்குல குத்துதுடா! பொடிப்பொடியா, ஊசி ஊசியா. இதோ, இதோ, மறுபடியும்!”

மேசையிலிருந்து ஒரு சீறல் கேட்டது. அனைவரும் திரும்பினோம். நுரையில் நனைந்த உறைந்த திராட்சைகள் கிண்ணத்தில் உஸ்ஸென்று பொரிந்துகொண்டிருந்தன. பனி பூத்த சொரசொரப்பில் ஒயின் பட்டதும், அடங்கியிருந்த குமிழிகளெல்லாம் அங்கே கூட்டமாய்ப் புறப்பட்டு வந்தன. சார் ஒரு திராட்சைப் பாதியைக் கையாலேயே எடுத்து வாயிலிட்டுக் கடித்தார். ‘கறுக்’ என்ற ஒலி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது. அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்த காலமெல்லாம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கொக்கரிப்பது போன்ற, மேலேறிக்கொண்டே போகும் ஒரு சிரிப்பு.

“ஏன்னா, மெதுவா!” என்றார் பத்மாம்மா, தாமும் சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு. “ஒயின்னா டாக்டர் ரெண்டு ஸ்பூன்தான் குடிக்கலாம்னார்!”

“நான் எங்கடி குடிக்கறேன்? கடிக்கறேன்!”

என் மூளையில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. இத்தனை நாளும் நான் இல்லாத மூக்குக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் எடுத்துச் சென்றது மணத்தை மட்டுமே. குளிர் அவருக்குத் தெரியும், புளிப்புத் தெரியும், குத்தல் தெரியும், பல்லுக்கிடையே நொறுங்குவது தெரியும், காதுக்குச் சீறல் தெரியும். நான் எதையெல்லாம் அடக்கினேனோ அதையெல்லாம் அவிழ்த்துவிட வேண்டும். அதாவது, அவர் எனக்கு விதித்த சட்டம் ஒவ்வொன்றையும் அவர் கண்ணெதிரிலேயே மீற வேண்டும்.

“சார், ரெண்டே நிமிஷம்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் பாய்ந்தேன்.

அன்பர்களே, இனி வருவதே நீங்கள் கேட்ட செய்முறை. வழவழப்பு வரவில்லையே என்று நொந்தேனே, அந்த நறநறத்த பழப்பனியை முட்கரண்டியால் இன்னும் கரடுமுரடாக உடைத்தேன். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்தேன். ஃப்ரீஸரில் குளிரவைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் முதலில் பழப்பனி, அதன்மேல் உறைந்த திராட்சை, அதன்மேல் மாதுளை முத்து. ஒயினைக் கலக்கவில்லை, கிளறவில்லை, அடக்கவில்லை. ஒயின் பழத்துக்குள் புகுந்து உறைய வேண்டியதில்லை. ஆகவே ‘செட் ஆகவில்லை’ என்ற புகாருக்கே இடமில்லை. கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுவந்து வைத்து, புட்டியில் எஞ்சியிருந்ததிலிருந்து ஒரு சிறு கரண்டியளவு, மெல்ல, மேலிருந்து ஊற்றினேன். ஒரேயடியாக ஊற்றினால் நுரை கிண்ணத்தைத் தாண்டிவிடும். விட்டு விட்டு ஊற்ற வேண்டும்.

உஸ்ஸ்ஸ்.

வாசலில் மஞ்சுளா வந்து நின்றார். எங்கள் வஞ்சிரமும் அவர் கையிலேயே வந்திருந்தது. அவசரத்தில் ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கும் தெரியாது.

வரதராஜன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை இரு கைகளாலும் எடுத்தார். வழக்கம்போல் முகத்தருகே உயர்த்தினார். மூக்கருகே வந்ததும் கை ஒரு கணம் தயங்கியது. பத்மாம்மா தம் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டார். கை மெல்லத் திரும்பி, கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோனது. அவர் கண்களை மூடினார். சமையலறையில் நாங்கள் வரிசையாய் நின்று மூச்சடக்கிய அதே பாவனையில் நான் நின்றேன். எனக்கு அருகில் ரெஜினா, அவருக்கு அருகில் மஞ்சுளா, மஞ்சுளாவின் கையில் வஞ்சிரம்.

“ரொம்பப் பேசுது” என்றார் சார், கண்களைத் திறக்காமல்.

அது பாராட்டா கண்டனமா என்று எனக்கு விளங்கவில்லை. கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். ஒற்றை விரல் நீண்டது. விரல் கிண்ணத்தைத் தள்ளவில்லை. தம் இடத்தோளைத் தடவிப் பார்த்தது. அங்கே துணி இல்லை. ஓய்வு பெற்றவரின் தோளில் துணி எப்படி இருக்கும்?

ரெஜினா தம் தோளில் கிடந்த அடுக்களைத் துணியை எடுத்து, மடித்து நீட்டினார்.

அவர் அதை வாங்கினார். கிண்ணத்தின் விளிம்பை ஒரே சுற்றாகத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, பரிசாரகரைத் தேடுவதுபோல் வலப்புறம் பார்த்தார்.

“எந்த டேபிள்?”

“இதே டேபிள்தான், சார்” என்றேன்.

“அப்பறம் என்னத்த நின்னுட்டிருக்கே?” என்று கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஸ்பூன் எங்க?”